மக்காச்சோளக் காட்டில் தொடங்கி மதுரை கண் ஆஸ்பத்திரியில் முடிந்த பயணம்

தை மாதக் கடைசியில் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒருநாள் பயணமாகப் போனேன். போன காரணம் பூசணம் பிடித்த மக்காச்சோளம். சிரிக்காதீர்கள். ஊரே நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கும்போது கெட்ட கதிரைத் தேடி வண்டி வாடகை கொடுத்துப் போகிற பிழைப்பு என்னுடையது. கோவையில் ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கிறேன். என்னைப் போலவே கரிசல் காட்டில் மாதிரி எடுக்கக் கிளம்பும் மாணவர்கள் இரண்டு பேர் வழி கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வழியும் சொல்கிறேன், நடந்ததையும் சொல்கிறேன்.

நான் வளர்ப்பது ஃபியூசேரியம் என்கிற பூஞ்சைக் குடும்பம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வாழையும் பருத்தியும் நின்ற இடத்திலேயே வாடிச் சாவதற்கும், மக்காச்சோளக் கதிர் வெள்ளையும் ரோஸுமாகப் பஞ்சு பூத்து அழுகுவதற்கும் இந்தக் குடும்பத்து ஆட்கள் காரணம். இதே குடும்பத்தில் ஒன்றைத் தொட்டியில் வளர்த்து, அது கக்குகிற ஜிப்ரலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து விற்கவும் செய்கிறார்கள். திராட்சைக் கொத்தில் தெளித்தால் பழம் பெருக்கும், கம்பம் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். என் வேலையும் அந்த வகையறாதான். நல்ல வீரியமாக அமிலம் கக்குகிற பூஞ்சை காட்டில் கிடைக்குமா என்று தேடுவது. மனிதர்களுக்கும் இது நோய் தரும் என்று வகுப்பில் வருஷா வருஷம் ஒரு படம் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

கிளம்பும்போது எனக்குப் பயமெல்லாம் சிவகாசி மேல்தான். கம்பி மத்தாப்பைக்கூடக் கையை நீட்டிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். டிவியில் வெடிவிபத்து என்று ஓடினால் சேனலை மாற்றிவிடுவேன். "மக்காச்சோளம் பெரம்பலூர்லயும்தான் விளையுது, அங்க போயேன்" என்று வீட்டுக்காரர் சொன்னார். விளைகிறது, ஆனால் எனக்கு மானாவாரியில் விளைந்து, அறுப்பு நேரத்தில் மழை பிடித்த கதிர் வேண்டும். இந்தத் தையில் விருதுநகர்ப் பக்கம்தான் தப்பிப் பெய்தது என்று கேள்வி. பயந்துகொண்டேதான் கிளம்பினேன்.

கோவையிலிருந்து இரவு பஸ் பிடித்தால் விடிகாலை ஐந்தரைக்கு மதுரை ஆரப்பாளையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி. சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று எந்தப் பலகை போட்ட வண்டியும் விருதுநகர் வழியாகத்தான் போகும். ஐம்பது கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம். ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐஸ் டப்பா, பை மூட்டை சகிதம் நின்று, ஆட்டோவுக்கு நூறு ரூபாய் தண்டம் அழுதேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இட்லி நன்றாக இருந்தது. கூட வெள்ளைச் சட்னி தருகிறார்கள், காரம் உச்சிக்கு ஏறும்.

எட்டு மணிக்குப் பாண்டி வந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர், சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம்தான் ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு நிற்காது. என்ன மாதிரிக் கதிர் வேண்டும் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். மனிதர் ஏற்பாட்டோடு வந்திருந்தார்.

"நம்ம வீட்டுக்காரி கதிர் ஒடிக்கப் போன காடு ஒன்னு அச்சங்குளத்துப் பக்கம் இருக்கு மேடம். பாதிக்குப் பாதி பூசணம்னு வந்து சொன்னா. காட்டுக்காரர்கிட்டப் பேசிட்டேன். எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கிடலாம்."

"உங்க வீட்டுல விவசாய வேலையா?"

"இல்ல மேடம், பயர் ஆபீஸ்." பட்டாசு ஆலையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "இடையில சோதனை அது இதுன்னு கேட்டைப் பூட்டிட்டாக. வேலை இல்லைன்னா வீட்டுல சும்மா இருப்பாளா? தெருப் பொம்பளைகளோட குட்டியானை வண்டியில ஏறி, கதிர் ஒடிக்கப் போயிட்டா. இப்பக் கேட்டைத் தெறந்துட்டாக."

சாத்தூர் வரை நான்கு வழிச் சாலை, இருபத்தேழு கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் போய்விடலாம், நான் மட்டும் அதற்குள் பத்துத் தடவை செத்துப் பிழைத்தேன். முன்னால் ஒரு லாரி, பின்பக்கம் பூராவும் பட்டாசுப் பெட்டி. தார்ப்பாய் ஒரு ஓரத்தில் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "முந்திப் போங்க, முந்திப் போங்க" என்றேன். முந்தினால் அதற்கு முன்னால் இன்னொன்று. சாத்தூர் தாண்டிக் கிராமத்துச் சாலையில் திரும்பியதும், தள்ளித் தள்ளிக் கட்டின சின்னச் சின்ன அறைகளும் நடுநடுவே வேப்ப மரமுமாகப் பயர் ஆபீஸ்கள். ஒரு அறை போனால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்றுதான் அந்த இடைவெளி என்று பாண்டி விளக்கம் வேறு கொடுத்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காட்டில் இறங்கினதும்தான் மூச்சு வந்தது. இது என் இடம். முகமூடி, கையுறை, பக்கவாட்டிலும் மூடின கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டேன். காட்டுக்காரர் சீனிவாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துச் சிரித்தார்.

"பயர் ஆபீஸ்லகூட இம்புட்டு மாட்ட மாட்டாக தாயி."

சிரிப்பு உதட்டோடு சரி. ஒடித்துக் குவித்த கதிரில் பாதி தேறவில்லை. கோழித் தீவனத்துக்கு வாங்க வந்த வியாபாரி ஒரு கதிரை உரித்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானாம். பூசணக் கதிரைத் தின்றால் கோழிக்கு ஆகாது என்று வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. "மாட்டுக்காவது போடலாமா?" என்று கேட்டார். போடாதீர்கள், எரித்துவிடுங்கள் என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இன்னும் ஒடிக்காத ஒரு பக்கம் பயிர் நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே காய்ந்த தோகை, காற்றுக்கு உரசி உரசி ஒரே சத்தம். உள்ளே நுழைந்தால் முகத்திலும் கழுத்திலும் மாறி மாறி அடிக்கிறது. ஓரம் முழுக்க அரம். ஒவ்வொரு அடிக்கும் தூசி கிளம்புகிறது, அந்தத் தூசியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாண்டி சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்று பின்னால் நுழைந்தார். சத்தம் போட்டு வெளியே அனுப்பினேன். இருபது கதிர் எடுத்தேன், ஒவ்வொன்றையும் தாள் பையில் போட்டு, மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, டப்பாவில் வைத்து டிக்கியில் ஏற்றினேன். அருமையான பூஞ்சை, கதிர் முனையில் ரோஸ் நிறத்தில் வழிந்து கிடந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. அந்தப் பக்கம் நல்ல சாப்பாட்டுக்கடை கிடையாது, சிவகாசிக்குத்தான் போக வேண்டும். "நம்ம வீட்டுலயே சாப்பிட்டுருங்க மேடம், மாரி இன்னைக்கு லீவு போட்டு வீட்டுலதான் இருக்கா" என்று பாண்டி கூப்பிட்டார். நாரணாபுரம் போய்ச் சேர ஒரு மணி ஆனது.

மாரி என்கிற மாரியம்மாள் வாசலுக்கு வந்து, "வாங்கக்கா, நல்லா இருக்கீகளா?" என்றாள். முப்பது வயதுக்குள்தான். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துப் பேசினாள். வலது கண் மேல் சேலை முந்தி. வெயிலைப் பார்த்தால் அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கண்ணுல என்ன?"

"மருந்து பட்டுருச்சுக்கா, அது சரியாயிரும். நீங்க உக்காருங்க." மருந்து என்றால் அங்கே வெடிமருந்து.

"நீங்கதான் கிருமி படிப்புப் படிச்சவுகளாச்சே மேடம், ஒரு பார்வை பாருங்களேன்" என்றார் பாண்டி. "மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டா ரெண்டு நாள் நல்லா இருக்குது, பொறவு பழையபடி ஆயிருது."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் பக்கத்தில் போனேன். அவள் முந்தியை எடுத்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. கருவிழியில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை. கதிர் பார்க்கிற லென்ஸ் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்கு ஓரம் தெளிவாக இல்லை, இறகுபோலப் பிசிறு பிசிறாகச் சுற்றிப் பரவியிருந்தது. பக்கத்தில் தனியாக இன்னும் இரண்டு புள்ளி.

வகுப்பில் நான் போடுகிற படம் அது. அப்படியே அச்சாக.

"எப்பப் பட்டது மாரி?"

"கேட் தெறந்து வேலைக்குப் போன மறுநாளு உறுத்த ஆரம்பிச்சுச்சுக்கா."

"பட்டது தெரிஞ்சுதா? சுருக்குன்னு எரிஞ்சுதா?"

"எரியல. ஆனா நாங்க அள்ளுறது அம்புட்டும் மருந்துதானே? வேற என்ன படப்போகுது?"

"கதிர் ஒடிக்கப் போனியே, அங்க கண்ணுல ஏதாச்சும் அடிச்சுதா?"

"தோகைதான் அடிச்சுச்சு." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "அது எல்லாருக்கும்தான் அடிக்கும். கொஞ்ச நேரம் தண்ணியா ஊத்துச்சு. முந்தியச் சுருட்டி ஊதி ஒத்தடம் குடுத்துட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டேன்."

காலையில் நான் நின்ற அதே காடு. அதே தோகை. அந்தக் காட்டில் பூசணம் இருக்கிறது என்று எனக்குத் துப்புச் சொன்னதே இவள்தான். பூசணத்தைப் பார்த்தவள், அடி வாங்கினவள், இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. பயர் ஆபீஸில் வேலை செய்கிறவளுக்கு ஒரு கெடுதல் வந்தால் அது மருந்தால்தான் வரும் என்று அந்த வீடு, அந்தத் தெரு, மெடிக்கல் கடைக்காரர் உட்பட எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

மெடிக்கலில் வாங்கின சொட்டு மருந்தைக் கொண்டுவரச் சொன்னேன். பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பையும் வலியையும் அடக்கிக் காட்டும், உடம்பு எதிர்த்து நிற்கிற சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டாம். ரெண்டு நாள் நல்லா இருந்தது என்று பாண்டி சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

"இத இனிமே ஒரு சொட்டுக்கூட விடாத. இப்பவே மதுரைக்குக் கிளம்பு. பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

மாரி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "சோறு ஆறுதுக்கா, சாப்பிடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பாண்டியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணு போகப்போகுதும்மா, சோறா முக்கியம் என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் அவள் வாசற்படிக்கு வந்து சொன்னாள்.

"ஆஸ்பத்திரின்னா எங்கன வேலை பாக்குற, எப்படிப் பட்டுச்சுன்னு கேப்பாகக்கா. பயர் ஆபீஸ்னு சொன்னா போலீஸுக்கு எழுதிருவாகளாம். போர்மேன் அன்னைக்கே சொன்னாரு, சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீகன்னு. இப்பத்தான் கேட்டைத் தெறந்துருக்காக. என்னால மறுபடி பூட்டுனா? எங்க தெருவே அங்கனதான் சோலி பாக்குது. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கன இருக்க?"

"இது மருந்தே இல்ல மாரி. தோகை. பூசணம்."

"நீங்க டாக்டர் இல்லைன்னு சொன்னீகளேக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கேட்டதில் தப்பே இல்லை. நான் பார்த்தது லென்ஸ் வழியாக, ஓட்டு வீட்டு வெளிச்சத்தில். ஒருவேளை மருந்தேதானா? என் பேச்சைக் கேட்டுப் போய், கேஸாகி, கேட்டைப் பூட்டி, தெருவே இவளைக் கரித்துக்கொட்டினால்? நான் கோவைக்குப் பஸ் ஏறிவிடுவேன். இவள் இங்கேதானே இருக்க வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பிசிறு ஓரம் கண்ணை விட்டு அகலவில்லை.

"நானும் கூட வர்றேன். தோகை அடிச்சுச்சுன்னு சொல்லுவோம். அது பொய் இல்லையே" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மாரியின் போன் அடித்தது. போர்மேன். நாளைக்கு வருகிறாளா என்று கேட்கத்தான் இருக்கும். அவள் எடுக்கப் போனாள். பாண்டி போனை வாங்கி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து வாய் ஓயாத மனுஷன், "வண்டியில ஏறு" என்று இரண்டே வார்த்தை சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தோம். சாப்பாடு சட்டியிலேயே இருந்தது.

நாரணாபுரத்திலிருந்து மதுரை எழுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரண்டு மணி நேரம் வையுங்கள். நான் பின்சீட்டில் அவளோடு உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒரே கவலை எனக்கு, டிக்கியில் இருபது கதிர் இருக்கிறதே என்று. இரண்டு பை சுற்றி, டப்பா மூடி, டேப் போட்டு ஒட்டியது. வெளியே வராது. படித்துப் பட்டம் வாங்கினவள் நான், தெரியும். தெரிந்தும் திருமங்கலம் தாண்டினதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, டப்பாவைத் திறக்காமல் மேலே இன்னொரு சுற்று டேப் ஒட்டிவிட்டு வந்தேன். முன்னால் பட்டாசு லாரி போனபோது நான் சீட்டைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, "அதுக்கெல்லாம் பயப்படாதீகக்கா, அது பெட்டிக்குள்ள தூங்குது" என்று மாரிதான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கு நுழைந்தோம். பதிவு செய்கிற இடத்தில் "என்ன வேலை?" என்று கேட்டார்கள். மாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விவசாயக் கூலி" என்றாள். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண், கண்ணாடி போட்டவர். மாரியின் முகத்தைக் கருவியில் பொருத்தி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளிப் பொடி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாதாம்.

"பட்டாசு வேலையா?"

மாரி கையை முந்திக்குள் மறைத்துக்கொண்டாள். பாண்டி கதவோரம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நானும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கூட வருகிறேன் என்று வீரமாகக் கிளம்பிவந்தவள்.

"அது ஒன்னும் இல்லம்மா. கண்ணுல எது பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். பயப்படாமச் சொல்லு."

"சோளத் தோகை" என்றாள் மாரி. அப்புறம் மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பயர் ஆபீஸ், கேட், போர்மேன், மெடிக்கல் சொட்டு மருந்து, எல்லாம். டாக்டர் கேட்டுக்கொண்டே கண்ணில் மரத்துப்போகிற சொட்டு விட்டார். சின்னப் பிளேடால் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தார். மாரியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. என் மணிக்கட்டில்தான் அவள் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் டாக்டர் என்னையும் மைக்ராஸ்கோப் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பார்த்துவிட்டு, "பாருங்க" என்று நகர்ந்தார். குனிந்து பார்த்தேன். இழை இழையாக, கிளை விட்டு, நடுநடுவே கணு வைத்து ஓடியது. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் நான் பார்க்கிறது. சர்க்கரைக் கரைசல் ஊற்றி, ஏசி போட்டு, லீவு நாளிலும் போய் வாடிவிட்டதா என்று பார்த்து வளர்க்கிறது. நல்லா வளர்ந்திருக்கு என்றுதான் எப்போதும் மனசுக்குள் சொல்லுவேன். அன்றைக்கும் முதலில் அதுதான் தோன்றியது. உடனே குமட்டியது. வெளியே ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தேன்.

வெளியே வந்து டாக்டர் அவர்களிடம் சொன்னார். பூஞ்சை. ஆழமாக இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கருவிழி ஓட்டை விழுந்திருக்கும். படுக்கையில் சேர்க்க வேண்டும், ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கொரு தரம் சொட்டு விட வேண்டும். கேட்கவில்லை என்றால் ஆபரேஷன். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது.

மாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப மருந்து இல்லையே டாக்டர்?"

"இல்லம்மா. பூசணம்தான்."

"கம்பெனிக்கு ஒன்னும் வராதுல்ல?"

"வராது."

மாரி சிரித்தாள். நிஜமாகவே, பல் தெரிய, பாரம் இறங்கின சிரிப்பு. பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு கண் போகுமா நிற்குமா என்று தெரியாத இடத்தில் நின்றுகொண்டு அவள் சிரித்ததுதான் அன்றைக்கு நான் பார்த்ததிலேயே என்னை அதிகமாகப் பயமுறுத்தின காட்சி. இன்னும் கனவில் வருகிறது.

கதிர் டப்பாவோடு ஆறரை மணி பஸ்ஸில் கோவைக்கு ஏறினேன். அவர்கள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சுரண்டினதை வளர்த்துப் பார்த்தபோது ஃபியூசேரியம்தான் என்று டாக்டர் போன் செய்து சொன்னார். அந்தக் காட்டுப் பூஞ்சையேதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. முதல் வாரம் கேட்கவில்லை, வெள்ளை பெருத்தது. பாண்டி போன் செய்து, "கண்ணை எடுத்துருவாகளோ மேடம்?" என்பார். எனக்கு என்ன தெரியும்? டாக்டர் சொல்றதைக் கேளுங்க என்று வைத்துவிட்டு, வேலை ஓடாமல் உட்கார்ந்திருப்பேன். என் ஆய்வகத்துக் குடுவைகளைத் திறக்கவே பிடிக்கவில்லை. இரண்டாவது வாரம் புண் ஆற ஆரம்பித்தது. ஆறின இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. கண்ணில் பூ விழுந்திருச்சு என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

போகப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாண்டி ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து இருநூறு வாங்கினார், டீசல் தனி. அச்சங்குளம் பக்கம் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீரும். காட்டுக்குள் பக்கவாட்டிலும் மூடின கண்ணாடி இல்லாமல் நுழையாதீர்கள், உங்களோடு வருகிற டிரைவரையும் நுழைய விடாதீர்கள். பிற்பாடு அந்தக் காட்டு வேலையாட்களுக்குக் கண்ணாடி வாங்கி அனுப்பிப் பார்த்தேன். வேர்வையில் மங்கிப்போகிறது, கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள், அதற்கு என்னிடம் தீர்வு இல்லை. ஒன்று மட்டும் எல்லோரிடமும் சொல்லுங்கள். இலையோ தட்டையோ மண்ணோ கண்ணில் அடித்து, மறுநாளும் உறுத்தினால், முந்தியில் ஊதி ஒத்திவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மெடிக்கலில் கேட்டு எந்தச் சொட்டும் விடக் கூடாது. கண் டாக்டரிடம் போய், என்ன பட்டது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். எங்கே வேலை செய்கிறோம் என்பதை மறைக்கவும் வேண்டாம். உண்மையாகவே மருந்து பட்டிருந்தால் அதற்கும் இதுதான் வழி, இன்னும் வேகமாக.

இவ்வளவும் எழுதி, சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நேற்றுச் சாயங்காலம் மாரி கூப்பிட்டாள். புது நம்பர் மாதிரித் தெரிந்தது, பக்கத்து வீட்டு போனாம்.

"அக்கா, நானேதான் நம்பரைப் போட்டேன்" என்றாள்.

"சரி, சொல்லு."

"இல்லக்கா, நானேதான் போட்டேன். நல்ல கண்ண முந்தியால கட்டிக்கிட்டு. உங்க நம்பரை அவரு தாள்ல பெருசா எழுதிக் குடுத்தாரு."

"தெரிஞ்சுதா?"

"மொத ரெண்டு தடவை எவரோ ஒருத்தரு எடுத்துட்டாரு. எட்டா மூணான்னு தெரியலக்கா. ஒருக்க எட்டுன்னு போட்டேன், அந்த ஆளு எடுத்தாரு. மறுபடியும் எட்டுன்னே போட்டேன், அந்த மனுசன் ஏசுனாரு பாருங்க, காது கூசிப்போச்சு. அப்பத்தான் மூணுன்னு போட்டேன். நீங்க எடுத்துட்டீக."